சிவப்புப் பெயிண்ட் அடித்த சிலிங்கு

துறைமுக ஊழியர் சங்கத்தின் ஆண்டு மலருக்கு ஓய்வு பெற்றவர்களிடம் கட்டுரை வாங்குகிறோம் என்று சொல்லி, எங்கள் பிரிவில் எனக்குப் பின்னால் சேர்ந்த இரண்டு பேர் வீட்டுக்கு வந்தார்கள். எனக்கு இன்னும் நாற்பது ஆகவில்லை. எங்கள் வேலையை வெளியார் நிறுவனம் ஒன்றிடம் ஒப்படைத்தபோது எங்களில் பலரை அனுப்பிவிட்டார்கள். அதற்கு ஆபீஸில் வைத்த பெயர் விருப்ப ஓய்வு. விருப்பம் யாருடையது என்று யாரும் கேட்கவில்லை. ஆனாலும் ஓய்வு பெற்றவள் என்று சொல்லிக்கொள்ள எனக்குக் கூச்சமில்லை. எங்கள் குடும்பத்தில் ஓய்வு என்று ஒன்று இருக்கிற வேலைக்கு முதலில் போனவள் நான்தான்.

வந்தவர்கள் சுழற்சிப் பொருளாதாரம் என்ற சொல்லைப் பலமுறை சொன்னார்கள். துறைமுகத்துக்குள் வருகிற எதுவும் குப்பையாக முடியக் கூடாது, திரும்பத் திரும்பப் பயன்பட வேண்டும், அதில் எவ்வளவு தூரம் வந்திருக்கிறோம் என்று அளக்க வேண்டும். அதற்கு இப்போது கணினியில் ஒரு முறை இருக்கிறதாம். நாங்கள் அளந்தபோது அதற்குப் பெயர் கிடையாது. 'திரும்பினது எவ்வளவு' என்று கேட்போம், அவ்வளவுதான். எதை அளப்பது கஷ்டமாக இருந்தது என்று வந்தவர்களில் ஒரு பெண் கேட்டாள். எண்ணெய்க் கசடு என்று சொல்வேன் என எதிர்பார்த்திருப்பாள். நான் சிலிங்கு என்றேன். ஏன் என்று அன்றைக்கு வாயால் சொல்ல முடியவில்லை. அதனால் எழுதுகிறேன்.

நான் வியாசர்பாடி ஹவுசிங் போர்டில் வளர்ந்தவள். நைனா தண்டையார்பேட்டையில் ஓர் இரும்புத் தகடு குடோனில் லோடுமேன். நான் வேதியியல் படித்து, தேர்வு எழுதி, துறைமுகத்தின் சுற்றுச்சூழல் பிரிவில் முதலில் தற்காலிகமாகச் சேர்ந்தேன். அடையாள அட்டையைக் காட்டியபோது நைனா கையைக் கைலியில் துடைத்துக்கொண்டுதான் அதை வாங்கிப் பார்த்தார். பயிற்சி என்று சொல்ல அதிகமில்லை. கசடுத் தொட்டியில் கோல் விட்டு எண்ணெய் எதுவரை, தண்ணீர் எதுவரை என்று பார்க்கவும், போர்க்லிஃப்ட் வருகிற சத்தத்தை முதுகால் கேட்கவும், புடவையை விட்டுவிட்டு ஷூவும் சுடிதாருமாக நடக்கவும் கற்றுக்கொண்டேன். மற்றதெல்லாம் பத்மாசினி மேடத்திடம் பட்டுத் தெரிந்துகொண்டது.

மேடம் எங்கள் பிரிவின் இன்ஜினியர். குரலை உயர்த்த மாட்டார். பாராட்டவும் மாட்டார். மாதக் கணக்கைக் கொண்டுபோய் நீட்டினால் நின்றுகொண்டே படிப்பார். படித்து முடிக்கும்வரை நாமும் நிற்க வேண்டும். பிறகு ஒவ்வொரு பொருளுக்கும் மூன்று கேள்வி. "எங்க போகுது?" என்பது முதலாவது. அதற்குப் பதில் சுலபம், எடை மேடைச் சீட்டில் இருக்கும். "போய் என்ன ஆகுது?" என்பது இரண்டாவது. வாங்கியவரைக் கேட்டால் தெரியும். "கடைசியில யார் கையில இருக்கு?" என்பது மூன்றாவது. அதற்கு யாரிடமும் பதில் இருக்காது. பதில் இல்லையென்றால் மேடம் கண்ணாடியைக் கழற்றிப் புடவைத் தலைப்பால் துடைப்பார். திட்டு வாங்கினாலே தேவலை என்று தோன்றும். மறுநாள் காலை அதே மூன்று கேள்வியையும் முதல் தடவை கேட்பதுபோலக் கேட்பார்.

சரக்குத் தளங்களின் பின்னால் சேருகிற பொருள்களை மூன்று விதமாகப் பிரித்தோம்: உருக்கப்பட்டது, எரிக்கப்பட்டது, அப்படியே பயன்பட்டது. சரக்குக்கு அடியில் முட்டுக் கொடுக்கக் கப்பலில் வருகிற பலகை அடுப்பில் எரிந்தால் ஒரு வேளைச் சோறு வேகும். அதே பலகை ஒரு வீட்டுக் கதவானால் பல வருஷம் நிற்கும். அதனால் அப்படியே பயன்பட்டதற்கு மதிப்பு அதிகம் என்று மேலிடம் சொன்னது. அது நியாயம் என்றுதான் இப்போதும் நினைக்கிறேன்.

இனி சிலிங்கு. கப்பலிலிருந்து சரக்கைத் தூக்க கிரேன் கொக்கியில் மாட்டுகிற இரும்புக் கம்பிக் கயிறு அது. இரண்டு முனையிலும் காது மாதிரி வளையம் இருக்கும். குறிப்பிட்ட காலத்துக்கு ஒருமுறை அதைச் சோதிப்பார்கள். அந்தச் சோதனையைப் பக்கத்தில் நின்று பார்ப்பது எனக்குப் பிடிக்கும். கயிற்றை இரண்டு முக்காலிகளுக்கு நடுவே தரையில் படாமல் போடுவார்கள். ஒரு பிடி பனியன் வேஸ்ட்டை, அதாவது மெக்கானிக்குகள் கை துடைக்கிற பனியன் துணித் துண்டுகளை, கயிற்றைச் சுற்றிப் பிடித்து ஒரு முனையிலிருந்து மறு முனைவரை மெதுவாக இழுப்பார்கள். கயிறு நன்றாக இருந்தால் துணி வழுக்கிக்கொண்டு போகும். உள்ளே ஒரு நூல் கம்பி அறுந்து முனை வெளியே வந்திருந்தாலும் துணி அங்கே மாட்டிக்கொள்ளும். கண்ணுக்குத் தெரியாதது துணிக்குத் தெரியும். மாட்டின இடத்தில் சாக்பீஸால் கோடு போட்டு, அங்கே எத்தனை கம்பி அறுந்திருக்கிறது என்று பார்ப்பார்கள். பிறகு கனத்தை அளப்பார்கள். காதின் மடிப்பில் துரு ஏறியிருக்கிறதா என்று கம்பியைப் பிரித்துப் பார்ப்பார்கள். தேறாத கயிற்றின் இரண்டு காதிலும் சிவப்புப் பெயிண்ட். அதற்குப் பிறகு அது கண்டம். ஓடாத பஸ்ஸை, உடைந்த நாற்காலியைக் கண்டம் பண்ணுவது என்கிறோமே, அதே கண்டம். கண்டம் ஆனவற்றை முழு நீளமாகவே குவித்து ஏலம் விடுவார்கள். உள்ளது உள்ளபடி என்பது ஏலத்தின் நிபந்தனை.

சிலிங்கை எடுப்பவர்கள் உருக்கிவிடுகிறார்கள் என்றுதான் வெகுநாள் நினைத்திருந்தோம். ஒரு வருஷம் ஏலத்துக்கு வந்த, டோல்கேட் பகுதியில் கடை வைத்திருந்த பழைய இரும்புக் கடைக்காரர், உருக்குவதா, அதெல்லாம் முழுசாகவே விற்றுப்போகிறது என்று பெருமையாகச் சொன்னார். அடுத்த கணக்கில் சிலிங்கு 'அப்படியே பயன்பட்டது' என்ற பக்கத்துக்கு மாறியது. எங்கள் அளவு சட்டென்று ஏறியது. மேலிடத்திலிருந்து பாராட்டு வந்தது. அதைத் தலைமை அலுவலர் கூட்டத்தில் படித்தார். மேடம் மட்டும் கண்ணாடியைக் கழற்றினார்.

"முழுசா வாங்கிட்டுப் போறவன் அதை என்ன பண்றான்?" என்றார். "போய்ப் பார்த்துட்டு வா."

டோல்கேட் கடைக்காரர் என்னை உட்காரவைத்து டீ வாங்கிக் கொடுத்தார். எந்தெந்தப் பட்டறை, எந்தெந்த குடோன் என்று ஒளிக்காமல் சொன்னார். அவர் சொன்னவற்றில் ஒன்று நைனா வேலை செய்கிற குடோன். நான் டீயை முடிக்கவில்லை.

அந்த குடோனுக்குள் அதுவரை நான் போனதில்லை. சின்ன வயதில் சாப்பாட்டுத் தூக்கோடு வாசல்வரை போயிருக்கிறேன். அன்றைக்கு உள்ளே போனபோது லாரியிலிருந்து தகட்டுக் கட்டு ஒன்றைத் தூக்கிக்கொண்டிருந்தார்கள். கூரையின் குறுக்கு இரும்பில், சங்கிலியை இழுத்தால் பாரம் ஏறுகிற செயின் பிளாக். அதில் கயிறு. கயிற்றில் கட்டு தொங்கியது. ஒருவர் சங்கிலியை இழுக்க, இன்னொருவர் கட்டு சுழன்றுவிடாமல் அதன் விளிம்பில் கை வைத்து நடத்திக்கொண்டு வந்தார். கை வைத்தவர் நைனா. கட்டு அவர் தலைக்கு மேலே இருந்தது. கயிற்றின் காது சிவப்பாக இருந்தது.

கட்டு தரையில் இறங்குகிற வரைக்கும் நான் பேசவில்லை. பேசினால் அவர் திரும்பிப் பார்ப்பார் என்று பயம்.

என்னைப் பார்த்ததும் அவர் முகம் மாறியது. "இன்னாம்மா, வூட்ல யாருக்காவது எதுனா?" என்றார். இல்லை, ஆபீஸ் வேலையாக வந்தேன் என்றதும் நிமிர்ந்துகொண்டார். சங்கிலி இழுத்தவர் டில்லி, நைனாவின் பல வருஷக் கூட்டாளி. அவர் என்னை மேலும் கீழும் பார்த்து, "மாமு, உம் பொண்ணா? டிவில நியூஸ் பட்ச்சிகினு இருக்கற மாரி கீது" என்றார். போர்ட்டில் ஆபீசர் என்று நைனா சொன்னார். நான் ஆபீசர் இல்லை. அன்று அதைத் திருத்தவில்லை.

அந்தக் கயிறு எங்கிருந்து வந்தது என்று கேட்டேன்.

"கண்டம்ல எடுத்ததும்மா. உங்க போர்ட் சரக்குதான்." நைனா சிவந்த காதைத் தட்டிக் காட்டினார். "செவப்பு கீது பாரு, அதான் ஒரிஜினலு. சில பேரு கலீஜ் கயித்த குட்த்து போர்ட் சரக்குன்னு ஏமாத்துவான். நாங்க செவப்பு பாத்துதான் எடுப்போம்."

நினைத்துப் பார்த்தால் எனக்கும் தெரிந்ததுதான். எங்கள் தெருவில் 'கண்டம்ல எடுத்த ஜீப்பு' என்றால் மரியாதை. அரசாங்கத்துச் சாமான், கெட்டி, மலிவாகக் கிடைத்தது என்று அர்த்தம். ஆபீஸில் அதே சொல்லுக்கு இனி இதைத் தொடாதே என்று அர்த்தம். இரண்டு இடத்திலும் அந்தச் சொல்லைப் பேசி வளர்ந்தவள் நான். இரண்டும் ஒரே கயிற்றைப் பற்றியது என்று எனக்கு உறைத்ததே இல்லை. நாங்கள் அடித்த பெயிண்ட்தான் அதற்கு முத்திரையாகிவிட்டது.

சிவப்பு என்றால் கழித்துக் கட்டியது என்று சொன்னேன். டில்லி சிரித்தார். "மாமுக்கு தண்ணிலதான் கண்டம்னு ஜோசியக்காரன் சொல்லிகீறான். தரைல ஒண்ணியும் ஆவாது, போம்மா." நைனாவும் சிரித்தார். என் முகத்தைப் பார்த்துவிட்டு நிறுத்தினார். லாரியில் இன்னும் கட்டுகள் இருந்தன. அவர் திரும்பிப் போய் அடுத்த கட்டில் கை வைத்தார்.

குடோன் முதலாளி நாகர்கோவில் பக்கத்துக்காரர். எல்லாரும் அண்ணாச்சி என்பார்கள். கெட்டவர் இல்லை. தீபாவளிக்கு எங்கள் வீட்டுக்கே துணி அனுப்பியவர். நான் சொன்னதைப் பொறுமையாகக் கேட்டார். "கோவிந்தன் மக சொல்லுதிய, இல்லைன்னு சொல்லல" என்றார். "ஆனா உங்க போர்ட்டுதானம்மா வித்துச்சு? ஆகாத சாமானுன்னா ஏன் வித்தாவ? போர்ட்டுல இருந்து ஒரு வரி எழுதித் தாங்க, இன்னைக்கே மாத்திருதேன்."

அவர் கேட்டதில் தப்பில்லை. மேடத்திடம் சொன்னேன். யார் கையில் இருக்கிறது என்று அவர் கேட்பதற்கு முன்பே, எங்க நைனா கையில் என்றேன். மேடம் கண்ணாடியைத் தொடவில்லை. உட்கார்ந்தார். ஒருவர் பேசும்போது அவர் உட்கார்ந்து நான் பார்த்தது அன்றுதான்.

அன்றே தலைமை அலுவலரிடம் போனார். கடிதம் கிடைக்கவில்லை. ஆகாத கயிற்றை விற்றோம் என்று நாமே எழுதிக் கொடுப்பதா, அதற்குத்தானே உள்ளது உள்ளபடி என்ற நிபந்தனை என்று அவர் கேட்டாராம். இனி ஏலம் போகிற சிலிங்கு ஒவ்வொன்றையும் வெட்டித்தான் அனுப்ப வேண்டும் என்று மேடம் எழுதிக் கொடுத்துவிட்டு வந்தார். அது ஒவ்வொரு மேஜையாக நகர வேண்டும். வெட்டினால் அது உருக்காலைக்குத்தான் போகும். எங்கள் அளவு இறங்கும், மேலே விளக்கம் கேட்பார்கள் என்றேன்.

"கேக்கட்டும். ஆனா அது இனிமே போறதுக்கு. வெளியில போனதுக்கு நம்மகிட்ட காகிதம் இல்ல" என்றார் மேடம்.

அதற்குப் பிறகு வந்த நாட்களை நான் எப்படிக் கழித்தேன் என்று எனக்கே தெரியவில்லை. நைனா எனக்கு முன்னால் கிளம்பிவிடுவார். அவர் சட்டை மாட்டுகிற சத்தம் கேட்டதும் எழுந்து வெளியே வருவேன். இன்றைக்கு லோடு இருக்கிறதா என்று கேட்பேன். லோடு இல்லையென்றால் சோறு இல்லை, அது தெரியாதா என்பார். கட்டுக்குக் கீழே நிற்காதே, தள்ளி நில் என்றேன். தள்ளி நின்று எப்படிக் கை வைப்பது என்று அவர் கேட்டார். ஆபீஸ் போன் அடித்தால் எடுக்கிறவர் முகத்தைப் பார்த்துக்கொண்டே இருப்பேன். அம்மாவிடம் சொல்லவில்லை. மழை பெய்தால் லாரி வராது என்று மழையை வேண்டிக்கொண்டேன். வெயில் நின்று காய்ந்தது.

காகிதம் வராது என்று தெரிந்ததும் சிலிங்கு அறையில் ஒரு பிடி பனியன் வேஸ்ட் கேட்டு வாங்கிப் பையில் போட்டுக்கொண்டு மறுபடி குடோனுக்குப் போனேன். கடிதம் கிடைக்காது என்று அண்ணாச்சியிடம் நேராகச் சொன்னேன். கயிற்றைக் கீழே இறக்கச் சொல்லுங்கள், நீங்களே ஒருமுறை இழுத்துப் பாருங்கள் என்றேன். லாரிக்காரன் ஹாரன் அடித்துக்கொண்டிருந்தான். நைனா ஒரு தூணோரமாக நின்று தரையைப் பார்த்தார். மகள் வந்து முதலாளியிடம் நிற்பது அவருக்கு அவமானமாக இருந்தது.

அண்ணாச்சி வேட்டியை மடித்துக் கட்டிக்கொண்டு துணியைச் சுற்றிப் பிடித்து இழுத்தார். காதுக்குப் பக்கத்தில் சும்மா போனது. டில்லி ஏதோ சொல்ல வாயெடுத்தார். நடுவில், கட்டின் எடை எப்போதும் விழுகிற இடத்தில், துணி மாட்டியது. அண்ணாச்சி பலமாக இழுத்தார். துணி கிழிந்து பாதி கயிற்றிலேயே நின்றது. இன்னும் கொஞ்சம் தள்ளி மறுபடி மாட்டியது. அதற்கப்புறம் மாட்டிக்கொண்டே போனது. கடைசியில் அந்தக் கயிறு நெடுக வெள்ளைத் துணிப் பிசிறாக நின்றது. டில்லி பக்கத்தில் வந்து ஒரு பிசிறைத் தொட்டார். கம்பி விரலில் குத்தியது. அவர் விரலை வாயில் வைத்துக்கொண்டார்.

"இந்த லோடை மட்டும் இறக்கிருவோம்" என்றார் அண்ணாச்சி.

"கையால எறக்கிக்கறோம் அண்ணாச்சி" என்றார் நைனா. அந்த இடத்தில் அவர் பேசியது அது ஒன்றுதான். கட்டைப் பிரித்து ஒவ்வொரு தகடாகச் சுமந்தார்கள். நான் நிற்பது அவருக்குப் பிடிக்கவில்லை என்று தெரிந்து கிளம்பிவிட்டேன். அன்று சாயங்காலம் தோளைத் தேய்த்துக்கொண்டே, இனிமே குடோன் பக்கம் வராதே என்றார். சரி என்றேன்.

சில நாள் கழித்து நைனா வழக்கத்தைவிடச் சீக்கிரம் வந்தார். கையில் பக்கோடாப் பொட்டலம். அண்ணாச்சி புதுக் கயிறு வாங்கிவிட்டார், கம்பெனிச் சீட்டோடு வந்திருக்கிறது என்றார். சோதனைச் சீட்டைத்தான் அப்படிச் சொன்னார். அம்மாவுக்கு அப்போதுதான் கதையே தெரியும். என்னை அடிக்கவே வந்துவிட்டாள். நான் பக்கோடா தின்றுகொண்டே சிரித்தேன். எத்தனையோ நாளுக்குப் பிறகு ருசி தெரிந்தது.

பிறகுதான் பழையதை என்ன செய்தார்கள் என்று கேட்டேன்.

"அத்த எர்ணாவூர் பட்டறக்காரன் ஒர்த்தன் எட்த்துகினு பூட்டான்" என்றார் நைனா சந்தோஷமாக. "செவப்பு பாத்தான், உட்னே எட்த்துகினான். நல்ல வெல. அண்ணாச்சிக்கு ஒண்ணியும் நஷ்டமில்ல."

யார், எந்தப் பட்டறை என்று அவருக்குத் தெரியவில்லை. அண்ணாச்சிக்கும் பெயர் தெரியவில்லை. ட்ரைசைக்கிளில் வந்தான், துட்டு கொடுத்தான், போய்விட்டான்.

மேடம் எழுதியது ஒருவழியாகக் கையெழுத்தாகி வந்தது. சிலிங்குகளை வெல்டர் முழங்கால் நீளத்துக்கு வெட்டிப் போடுவதை நானே நின்று பார்த்தேன். எங்கள் அளவு இறங்கியது. மேலிடம் விளக்கம் கேட்டது. அபாயமான பொருளின் மறுபயன்பாடு நிறுத்தப்பட்டது என்று மேடம் ஒரே வரி எழுதினார். பாராட்டு வரவில்லை. இப்போதைய கணினி முறையில் முழுசாகத் திரும்பியதற்கு அதிக மதிப்பு உண்டாம். வந்த பிள்ளைகளுக்கு நான் சொல்ல வேண்டியது இதுதான்: முழுசாகத் திரும்பியது எதன் கீழே யாரை நிறுத்தியிருக்கிறது என்று போய்ப் பார்த்துவிட்டு எண்ணைப் போடுங்கள்.

பழைய கயிறு கைமாறியது தெரிந்த அடுத்த ஞாயிற்றுக்கிழமை எர்ணாவூருக்கு பஸ் ஏறினேன். மேடத்துக்குச் சொல்லவில்லை, நைனாவுக்கும் சொல்லவில்லை. பட்டறை பட்டறையாக நுழைந்து அண்ணாந்து பார்த்துக்கொண்டே நடந்தேன். சில இடத்தில் மூடியிருந்தது. சில இடத்தில் யார் நீ என்று விரட்டினார்கள். பல இடத்தில் கயிறே இல்லை, சங்கிலி. வெயில் ஏறிய பிறகு லேத் பட்டறை ஒன்றில் ஒரு பெரியவர் பழைய லாரி இன்ஜினைக் கம்பிக் கயிற்றில் தொங்கவிட்டு, அதன் அடியில் குனிந்து வேலை செய்துகொண்டிருந்தார். அந்தக் கயிற்றில் சிவப்பு தெரியவில்லை. காதெல்லாம் கிரீஸ் அப்பியிருந்தது.

போர்ட்டிலிருந்து வந்த கயிறு ஒன்றைத் தேடுகிறேன் என்றேன். அவர் வெளியே வந்து நிமிர்ந்தார்.

"யாருக்கு இன்னாம்மா ஆச்சு?"

"இன்னும் யாருக்கும் ஒண்ணும் ஆகலைண்ணே. அதுக்குத்தான் வந்தேன்."

அவர் என்னைப் பார்க்கவில்லை. கையில் இருந்த ஸ்பேனரைக் கீழே வைத்துவிட்டு, அதுவரை தன் தலைக்கு மேலே தொங்கிய கயிற்றைப் பார்த்தார்.